கம்பியில் தொங்கிய துண்டுகள்

அன்றைக்கு நீச்சல் குளத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு இதில் ஒருத்தி தான் அங்கே இல்லவே இல்லை என்று சொன்னதால் இதை முதலிலேயே வைக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்களில் நான். என் பக்கத்து போர்ஷன்காரி, அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே சினேகிதி. மாடி போர்ஷன் மாமி. தெருமுனையில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சியின் மனைவி. அவளை எல்லோரும் அக்கா என்போம். குழந்தைகளில் என் மகள், சினேகிதியின் மகளும் அவள் தம்பியும், மாமியின் நாத்தனார் பெண், அக்காவின் கடைசிப் பெண், அப்புறம் பின்தெரு டீச்சரின் மகள். டீச்சர் வரவில்லை, பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தார். நீச்சல் குளத்து ஆட்களில் விசில் ஊதுகிற அம்மாள் ஒருத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் அறையில் ஒரு ஆள். சித்திரை வெயிலில் மத்தியான வேளைக்கு வேறு பெண்கள் யாரும் வரவில்லை. அவ்வளவு பேர்தான்.

நாங்கள் மயிலாப்பூரில் ஒரு சந்தில் குடியிருந்தோம். பல குடித்தனங்கள் உள்ள வீடு, நடுமுற்றத்தில் ஒரு கிணறு. கிணற்றின் கைப்பிடிச் சுவர் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு இடத்தில் கல் பெயர்ந்து, குழந்தை ஏறி நிற்க வசதியாகப் படி மாதிரி ஆகியிருந்தது. வாடகை கொடுக்கும்போதெல்லாம் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்வேன். "பாத்துக்கலாம்மா" என்பார். எனக்கு அந்தக் கிணற்றை விட்டால் வேறு யோசனையே கிடையாது. சோறு வடிக்கும்போது முற்றம் சத்தமில்லாமல் இருந்தால் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து பார்ப்பேன். என் மகள் எங்காவது மூலையில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள்.

நான் அப்படித்தான். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள், தம்பிகளைப் பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்துக்கொள், பார்த்துக்கொள் என்று கேட்டே வளர்ந்ததில், பார்க்காமல் இருக்கத் தெரியாமல் போய்விட்டது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினேனா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. பக்கத்து போர்ஷன்காரியிடம் மட்டும் ஒருநாள் சொல்லி அழுதேன். "சில நாள் நான் பூட்டினது நெஜமா, பூட்டினதா நெனச்சது நெஜமான்னே தெரியலடி."

அவள் சிரிக்கவில்லை. "இன்னாத்துக்கு அழுவுற? நான் இங்கயேதான கீறேன். பூட்ட நான் பாத்துக்கறேன், நீ போ" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எப்போது கிளம்பினாலும் அவள் வெளியே வந்து என் பூட்டை ஒரு தட்டுத் தட்டி, "பூட்டிக்கீது, போ" என்பாள். நான் போய்விடுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் எதையும் செய்திருப்பேன்.

எழுபதுகளின் முதல் பாதியில் ஒரு கோடை அது. ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் ஒரு பொது நீச்சல் குளம் திறந்திருந்தார்கள். குழந்தைகளுக்கு மாதச் சீட்டு. வாரத்தில் சில நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். கேட்டதும் எனக்குக் கிணறுதான் ஞாபகம் வந்தது. தப்பித்தவறி விழுந்தாலும் மிதக்கத் தெரிந்துவிட்டால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாமே. தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவள் முதல் ஆளாகச் சீட்டு வாங்கப் போகிறாள் என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

பின்தெருவில் இருந்த டீச்சர் இதைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கன்னிமாடத்துப் பள்ளியில் வேலை பார்த்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த மாதா கோயில் தெருவில்தான்.

"என் பொண்ணையும் கூட்டிட்டுப் போறீங்களா? வேற யாரையும் நம்பி நான் தண்ணிக்கு அனுப்பமாட்டேன். நீங்க கண்ண எடுக்கமாட்டீங்க."

என் பயத்தை ஒரு நல்ல குணமாக ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தலையாட்டினேன். வாசல் வரை வந்தவர் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டாம் வகுப்புல ஒரு எடம் காலியாகுது. ஜூன்ல சிஸ்டர்கிட்ட உங்க பொண்ணப் பத்திச் சொல்றேன். பாதி ஃபீஸ் கட்டினாப் போதும்."

என் மகள் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். வாத்தியார் வந்தால் பாடம், வராவிட்டால் பக்கத்து வகுப்போடு சேர்த்து உட்காரவைத்துவிடுவார்கள். நான் நின்றுபோன இடத்தில் அவளும் வந்து நின்றுவிடுவாளோ என்பது கிணற்றுக்கு அடுத்தபடியாக எனக்கிருந்த பயம். டீச்சர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியாது. வந்ததும் சினேகிதியிடம்தான் சொன்னேன்.

"ஒரே எடந்தானா?" என்று கேட்டாள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு.

"ஒண்ணுதானாம்."

"சரி, உம் பொண்ணு நல்லாப் படிக்குது. கெடைக்கட்டும்." சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டாள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாவற்றிலும் ஏதாவது தோன்றுகிற எனக்கு, அதில் மட்டும் தோன்றவில்லை.

அவள் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். மாதச் சீட்டுக்கும் மிதவைக்கும் சேர்த்து அவள் பங்கை நானே கட்டினேன். "மொத தேதி சம்பளம் வந்ததும் குடுத்துடறேன்" என்றாள். அப்புறம் மாமி சேர்ந்தாள், அக்கா சேர்ந்தாள்.

முதல் நாள் குளத்தங்கரையில் நின்றபோதுதான் தெரிந்தது. எங்களில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று வாசலில் போர்டு. அவர்கள் சொல்கிற உடுப்பைப் போட்டுக்கொள்ள எங்களில் யாரும் தயாரில்லை. ஆக, நான்கு புடவைக்காரிகள் கரையில், குழந்தைகள் தண்ணீரில். இடையில் எங்கள் கண்ணும் தொண்டையும்தான். ஆழமில்லாத பக்கத்தையும் ஆழமான பக்கத்தையும் பிரித்து மிதவைக் கயிறு ஒன்று கட்டியிருந்தார்கள். குழந்தைகளுக்கு அது தாண்டி விளையாடுகிற கயிறு.

நான் ஒரு பழைய நூல் புடவையை முறுக்கி, முனையில் பெரிய முடிச்சாகப் போட்டு எடுத்துப் போனேன். யாருக்காவது எட்டவில்லை என்றால் வீசலாம் என்று. ஆழமில்லாத பக்கத்துப் படியில் முழங்கால் வரை காலை விட்டுக்கொண்டு, அதைத் தோளில் போட்டபடி நிற்பேன்.

"இன்னாடி இது, தேர் இழுக்கப் போறியா?" என்று சினேகிதி கேட்டதற்கு மாமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இன்னொன்றில் விட முடியவில்லை. குழந்தைகள் ஏறி வரும்போது எல்லோரும் வந்தாயிற்றா என்று தெரிய வேண்டுமே. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று விரலை நீட்டி ஆரம்பித்தேன். அக்கா ஓடிவந்து என் விரலைப் பிடித்து மடக்கினாள்.

"ஏட்டி, பிள்ளைகளை எண்ணப்படாது! கண்ணு பட்டுரும்."

"ஆமாண்டி, கொழந்தைகளைப் போய் எண்ணிண்டு..." என்று மாமியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோழிக்குஞ்சா எண்றதுக்கு?" என்றாள் சினேகிதி.

எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. எண்ணாமல் எப்படித் தெரிந்துகொள்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். மறுநாள் வழி கிடைத்தது. தண்ணீரில் இறங்கும் முன் ஒவ்வொரு குழந்தையும் தன் துண்டைக் கரையோரத்து இரும்புக் கம்பியில் போட வேண்டும். ஏறி வந்தால் தன் துண்டைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியில் துண்டு இருந்தால் அந்தக் குழந்தை தண்ணீரில் இருக்கிறது. கம்பி காலியானால் எல்லோரும் வந்தாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். என் மகளுடையது காவி, டீச்சர் மகளுடையது மஞ்சள் கட்டம் போட்டது. பெரியவர்கள் யாரும் எந்தத் துண்டையும் தொடக் கூடாது. நம் குழந்தை குளிரில் நடுங்கினாலும் சரி, முந்தானையால் போர்த்தலாமே தவிரக் கம்பியில் கை வைக்கக் கூடாது.

எல்லோருக்கும் இது பிடித்துவிட்டது. எண்ண வேண்டாம், கண்ணேறும் இல்லை. குழந்தைகளுக்கு அதைப் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொடுத்தவளே என் சினேகிதிதான். அவள் வாயில் துண்டு தொண்டாகிவிடும். "தொண்டு யாரு தொடறது? தொவைச்சவ தொட்டாலும் தப்பு!" என்று அவள் எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் திருப்பிக் கூவும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒருத்தி பார்வையை எடுக்க வேண்டியிருந்தால், அடுத்தவளிடம் சொல்லி, அவள் சரி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். மனதுக்குள் நினைத்துக்கொள்வது கணக்கில்லை. காவலில் நிற்கிறவள் கதை பேசக் கூடாது, பூக் கட்டக் கூடாது. மாமி முகம் சுளித்தாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

சித்திரை முடியப் போகிற ஒரு நாள். அன்று காவல் என் முறையும் சினேகிதியின் முறையும். அக்காவும் மாமியும் பின்னால் சிமெண்ட் பெஞ்சில். விசில் ஊதியதும் பிள்ளைகள் ஏறத் தொடங்கினார்கள். விசில் அம்மாள், உள்ளே விடும்போது கொடுத்த தகர வில்லைகளைத் திரும்ப வாங்க வாசலுக்குப் போய்விட்டாள். என் மகளுக்குக் காதில் சீழ் வரும். தண்ணீர் தங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சினேகிதியைப் பார்த்து, "இவ காதத் தொடச்சு விடறேன், நீ பாத்துக்கோ" என்றேன்.

"பாத்துக்கினு கீறேன்."

வாய்விட்டுச் சொன்னாள். அதன் பிறகுதான் திரும்பினேன். காதைத் துடைத்து, பஞ்சு வைத்து, தலையைத் துவட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"எல்லாம் வந்தாச்சா?"

"வந்தாச்சி. கம்பியப் பாரு, காலியா கீது. போ."

பார்த்தேன். கம்பி காலியாகத்தான் இருந்தது. அந்தப் 'போ'வும் என் பூட்டைத் தட்டிவிட்டுச் சொல்கிற அதே 'போ'. புடவையைச் சுருட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வாசலுக்கு நடந்தேன். செருப்பு வைக்கிற இடத்தில் என் மகள் குனிந்து, "அம்மா, இது டீச்சர் பொண்ணோடதும்மா. அவ வெறுங்காலோடயா போயிட்டா?" என்றாள்.

பக்கிள் வைத்த கறுப்புச் செருப்பு.

ஓடினேன். கத்தினேனா, பெயர் சொல்லிக் கூப்பிட்டேனா, தெரியாது. குளத்தில் சத்தமே இல்லை. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கத்தும், கையைக் காலை அடிக்கும், நமக்குக் கேட்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மிதவைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஏணியடியில், அவளுடைய முடி மட்டும் பாசி மாதிரி மேலே விரிந்திருந்தது. புடவையை வீசினேன். முடிச்சு அவள் பக்கத்திலேயே விழுந்தது, பிடிக்கக் கை வரவில்லை. ஏணியில் இறங்கினேன். மார்பு வரை தண்ணீர், காலுக்கு ஒன்றும் தட்டவில்லை. யாரோ என் பின்னலைப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

"நீயும் தண்ணில பூட்டா உம் பொண்ணுக்கு யாருடி? வா மேல!"

என் சினேகிதி. பின்னலை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருந்தாள். அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

கூச்சல் கேட்டு மோட்டார் அறை ஆள் சுவர் ஏறிக் குதித்தார். அந்த நேரத்திலும் மாமி, "ஐயோ, ஆம்பளை வரப்படாது இங்கே, லேடீஸ் நேரம்!" என்று கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை. காக்கி நிஜாரோடு முங்கி, குழந்தையைத் தூக்கி வந்து, கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார். தண்ணீர் வந்தது, சாப்பிட்டது வந்தது, கடைசியில் அழுகை வந்தது. நான் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பார்த்தேன். சினேகிதியின் மகன் பெஞ்சின் ஓரத்தில் சுருண்டிருந்தான். அவன் மேல் மஞ்சள் கட்டம் போட்ட துண்டு. அவனுடைய பச்சைத் துண்டு கம்பியிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து ஊறிக்கிடந்தது.

மாமியும் பார்த்துவிட்டாள். "ஏண்டி, அந்தக் கொழந்தையோட துண்டையா எடுத்தே?"

"குளுர்ல ஒதடெல்லாம் நீலமா பூட்ச்சி மாமி, இன்னா பண்ணுவேன்? பக்கத்துல கெடந்துது, இழுத்துட்டேன்" என்றாள் சினேகிதி. அழுதாள். அக்கா அவள் தோளைத் தடவி, "விடு, பிள்ளை பொழச்சிட்டுல்லா" என்றாள். நானும்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் எனக்கு அப்போது கோபமே இல்லை. தன் பிள்ளை நடுங்கினால் எந்தத் தாய்க்கும் கை நீளும். அந்தத் துண்டை எடுத்ததை நான் துரோகம் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

ரிக்ஷாவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கச்சேரி ரோட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நுரையீரலில் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்றார். அன்று சாயந்திரம் டீச்சர் வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேரும் நின்றோம். யாரும் உட்காரவில்லை. குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் அழுது முடித்திருந்தார். குரல் மட்டும் பள்ளிக்கூடக் குரலாக இருந்தது.

"விசில் அடிச்சப்ப யார் பாத்துக்கிட்டிருந்தது?"

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். காதைத் துடைக்கப் போனது, சொல்லிவிட்டுப் போனது, கம்பி காலியாக இருந்தது, துண்டு தம்பியின் மேல் இருந்தது. சொன்னதையே இரண்டு தடவை சொன்னேன். அவளைக் குற்றம் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை தடுமாற்றமும்.

சினேகிதி என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள்.

"நான் ஒரு தொண்டையும் தொடல டீச்சர். இவதான் கம்பி காலின்னு சொல்லி அல்லாரையும் கெளப்பினா."

"என்னடி சொல்ற? மாமி கேட்டாங்களே, நீயே சொன்னியே!"

"பாருங்க, எப்டிப் பதறுறா. இவ எப்பவும் இப்டித்தான் டீச்சர். பாவம், அவளுக்கே தெரியாது. வூட்டப் பூட்டிட்டுப் பூட்டலன்னு மூணு வாட்டி திரும்பி வருவா. பூட்டினது நெஜமா, நெனச்சது நெஜமான்னு எங்கிட்டயே சொல்லி அழுதுக்கிறா. தெனமும் அவ பூட்ட நாந்தான் பாக்கறேன். வேணும்னா கேளுங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொன்னீங்களா?"

சொன்னேன்தானே. என் வாயால் சொன்னதுதானே.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் அன்னிக்கு உள்ளேயே வரலையே, வாசல்லன்னா நின்னுண்டிருந்தேன். எனக்கென்ன தெரியும்?" என்றாள். அன்னிக்கு என்றாள். அது அன்றைக்கே மத்தியானம் நடந்தது. அதற்குள் அவளுக்கு அன்னிக்கு ஆகிவிட்டது. அக்காவைப் பார்த்தேன். "நான் எம்பிள்ளைக்குச் சடை பிரிச்சிக்கிட்டு இருந்தேம்மா, ஒண்ணும் கவனிக்கலை" என்றாள். ஒருத்தி கண்ணுக்கு முன்னால் நடந்ததை இல்லை என்கிறாள், இன்னொருத்தி கண் இருந்தும் பார்க்கவில்லை என்கிறாள். ஒரே தெரு, நாளைக்கும் தண்ணீர்க் குழாயில் முகம் பார்க்க வேண்டும், எதற்கு வம்பு. எனக்கும் அது புரிந்தது. புரிந்ததால் குறைந்துவிடவில்லை.

"போய் ரெஸ்ட் எடுங்க. அப்புறம் பேசலாம்" என்றார் டீச்சர். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் முற்றத்துக்கு வந்தேன். கொடியில் என் போர்ஷனுக்கு நேராக இருக்கிற பங்கில், என் மகளின் பாவாடைக்குப் பக்கத்தில், அந்த மஞ்சள் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சோப்புப் போட்டு அலசிப் பிழிந்து போட்டிருந்தது. நான் துவைக்கவில்லை. இதில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

அப்போது எனக்கு வேறு யோசனை வரவில்லை. டீச்சர் வீட்டுப் பொருள், நம் கொடியில் இருக்கக் கூடாது, கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். மடித்து எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் கதவைத் திறந்தார். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்ககிட்டதான் இருந்துதா?"

"கொடியில கெடந்துது டீச்சர். நான் போடல."

சொல்லும்போதே எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. பூட்டினேனா பூட்டவில்லையா என்று தெரியாதவள், துண்டைக் கையில் வைத்துக்கொண்டே துண்டை எடுக்கவில்லை என்கிறாள். டீச்சர் வாங்கிக்கொண்டு, "உடம்பப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கசக்கிறது.

பள்ளிக்கூடத்து இடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலையில் பக்கத்து போர்ஷன் கதவு திறந்தது. சினேகிதியின் மகள் கன்னிமாடத்துப் பள்ளியின் நீலப் பினஃபோரும் வெள்ளைச் சட்டையும் போட்டு, இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா பின்னாலேயே தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். நான் கோலப்பொடி டப்பாவோடு நின்றேன். என் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நானும் இந்த மாதிரி போட்டுப்பேனா?" என்று கேட்டாள்.

"போ, பல் தேய்" என்றேன்.

இடத்துக்காகத்தான் அவள் அப்படிப் பேசினாளா, அல்லது பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு இடம் தானாக வந்ததா என்று எத்தனையோ வருடம் யோசித்துவிட்டேன். அவள் புருஷன் கை நீட்டி அடிக்கிறவன், அந்தப் பயமும் இருந்திருக்கலாம். ஆனால் துண்டைத் துவைத்து என் கொடியில் போட்டது பயத்தில் செய்கிற காரியமா? சோப்புப் போடுகிற நேரத்துக்குள் பயம் கொஞ்சம் அடங்கியிருக்காதா? இந்தக் கேள்வியை நான் இழுத்துப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், பூட்டை இழுத்துப் பார்த்த மாதிரி.

கிணறு அங்கேயேதான் இருந்தது. கல்லும் பெயர்ந்தபடியே இருந்தது. அதனால் அந்தக் கோடையிலேயே, சீட்டு இருந்த மிச்ச நாளுக்கு, என் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். யாரும் கூட வரவில்லை. கம்பியில் ஒரே ஒரு காவித் துண்டு தொங்கும். நான் தோளில் முறுக்கின புடவையோடு, அவளிடமிருந்து ஒரு கை தூரத்தில், படியோடு படியாக நகர்ந்துகொண்டே இருப்பேன். துண்டை நம்பவில்லை, விசிலை நம்பவில்லை, மிதவையை நம்பவில்லை. கண்ணேறு பட்டால் படட்டும் என்று அவள் தலை மேலே வரும்போதெல்லாம் வாய்விட்டு எண்ணினேன். ஒண்ணு. மறுபடி முங்கி எழுவாள். ஒண்ணு. விசில் அம்மாள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். விடுமுறை முடிவதற்குள் என் மகள் அகலவாட்டில் நீந்தத் தெரிந்துகொண்டாள். கார்ப்பரேஷன் பள்ளியிலேயே படித்தாள். நான் நின்ற வகுப்பைத் தாண்டினாள். அந்தத் தாண்டலுக்கு நான் பட்ட பாடு வேறு கதை.

நாங்கள் பிறகு அடையாறு பக்கம் வீடு மாறிவிட்டோம். பூட்டை நானே இழுத்துப் பார்த்துக்கொண்டு காலம் போனது.

இருபத்தைந்து வருடம் கழித்து, போன வருடம் அவள் வந்தாள். மகனுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தாள். அந்தத் துண்டுக்குள் சுருண்டிருந்த பையன். முடி முழுக்க நரைத்திருந்தது, பேச்சு மாறவில்லை. காபி குடித்தாள். என் முழங்கால் வலியை விசாரித்தாள், தன் சர்க்கரையைச் சொன்னாள். எழுந்திருக்கும்போது பையைத் திறந்தாள்.

"ஒனக்கு ஒரு பாக்கி கீதுல்ல? நீச்சல் சீட்டுத் துட்டு. எனக்கு மறக்கவேயில்ல பாரு. இப்ப இன்னா மதிப்போ, நூறு ரூபாயா வெச்சிக்கோ."

அத்தனை வருடம் கழித்துப் பணம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"அந்த மஞ்சத் துண்ட யார் எடுத்தா? அத மட்டும் சொல்லு, பணத்த வாங்கிக்கறேன்" என்றேன்.

அவள் நோட்டை என் கையில் திணித்தாள். "எந்தத் தொண்டுடி?" என்றாள். அப்புறம், "இன்னும் நீ அப்டியேதான் கீற" என்று சிரித்தாள்.

நோட்டை அவள் கையிலேயே திருப்பி வைத்து அழுத்தினேன். வாசல் வரை போனாள். பழக்கத்தில், கேட்டில் தொங்கிய பூட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அது பூட்டியே இருக்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இரண்டு குழந்தைகளின் சீட்டு, மிதவை வாடகை எல்லாம் சேர்த்து, அவள் தர வேண்டியது இன்னும் ஏழு ரூபாய் ஐம்பது பைசா.